‘உங்களையும் கொன்றுவிட்டு நானும் செத்துப்போவேன்’ என்று வீட்டில் ஒருவர் சொன்னால்: சிங்கப்பூரில் படிப்படியாக என்ன செய்வது

இந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு 999ஐ அழையுங்கள். வாய்திறந்து பேச முடியாத நிலை என்றால் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். புளோக் எண், வீட்டு எண், ‘கொலை மிரட்டல், குழந்தை உடன் இருக்கிறது’ என்ற அளவு போதும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் சித்தி மகள் திருமணமாகி இங்கு வந்தவள். கணவர் அடிக்கடி சொல்லிவந்த அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளும் நானும் எத்தனையோ கதவுகளைத் தட்டினோம். அவளும் குழந்தையும் இன்று நலமாக இருக்கிறார்கள். அவள் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். உதவி செய்ய இந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் யாரிடம் முதலில் போவது, கையில் என்ன காகிதம் இருக்க வேண்டும், எவ்வளவு செலவாகும், எத்தனை நாளாகும் என்பதை ஒரே இடத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. புதிதாக வந்த பெண்களும், அவர்களுக்குத் துணை நிற்கும் உறவினர்களும் எங்களைப் போல அலையக்கூடாது.

வாக்கியங்கள் எளிதாக இருக்கட்டும் என்பதற்காக மிரட்டுபவரைக் கணவர் என்றே எழுதுகிறேன். மனைவி, தந்தை, மகன், அண்ணன் யாராக இருந்தாலும் வழி இதேதான்.

1. அந்தப் பேச்சை எடைபோடுங்கள்

“குடித்தால் அப்படித்தான் பேசுவார்”, “கோபத்தில் வருகிற வார்த்தை, மனத்தில் ஒன்றும் கிடையாது” என்று மாமியார் வீட்டிலும் சொல்வார்கள், இங்குள்ள நண்பர்களும் சொல்வார்கள். அந்த ஆறுதலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். குடும்பத்தாரைக் கொன்றுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் காட்டுகின்றன. செய்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் மனைவி, காதலி, குழந்தைகள். பல வீடுகளில் அதற்கு முன்பே அடிதடி இருந்திருக்கிறது. பிரிவு நடந்திருக்கிறது, அல்லது பிரியப் போகிறேன் என்ற பேச்சு எழுந்திருக்கிறது.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியர் துறைப் பேராசிரியர் ஜாக்குலின் கேம்பல், குடும்ப வன்முறை கொலையில் முடியும் அபாயத்தை அளக்க ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார். இன்று பல நாடுகளில் சமூக ஊழியர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ‘உன்னைக் கொன்றுவிடுவேன் என்றாரா?’ என்ற கேள்வியோடு, ‘தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டினாரா, முயன்றாரா?’ என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. தன் உயிரைப் பற்றி அவர் பேசுவதும் உங்கள் உயிர் தொடர்பான எச்சரிக்கைதான்.

கீழே உள்ளவற்றில் எவை உங்கள் வீட்டில் நடக்கின்றன என்று பாருங்கள்:

- கழுத்தை எப்போதாவது பிடித்து நெரித்திருக்கிறாரா? ஒருமுறை நடந்திருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2008ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னாளில் அதே துணைவரால் கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கு மேல் என்று கணக்கிட்டது.
- நீங்கள் பிரிந்து போவதாகச் சொன்னீர்களா, அல்லது அவருக்கு அப்படிச் சந்தேகம் வந்திருக்கிறதா?
- எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்று கணக்குக் கேட்பது, வேலையிடத்துக்கு வந்து நிற்பது, தொலைபேசியைச் சோதிப்பது கூடிக்கொண்டே போகிறதா?
- வேலை போயிருக்கிறதா? கடன், சூதாட்டம், ஆலோங் எனப்படும் உரிமம் இல்லாத வட்டிக்காரர்களின் தொல்லை உண்டா?
- ‘நான் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், அவர்களும் என்னோடு வரட்டும்’ என்கிற மாதிரிப் பேசுகிறாரா?
- வாரக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டாரா? காப்பீட்டுக் காகிதங்களை ஒழுங்குபடுத்துவது, ஊரில் உள்ளவர்களுக்கு விடைபெறும் தொனியில் செய்தி அனுப்புவது, கணக்கு வழக்குகளை முடித்துவைப்பது போன்றவை தெரிகின்றனவா?

கடைசியாகச் சொன்னதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை ஓய்ந்ததே என்று வீட்டில் எல்லாரும் மூச்சுவிடும் நேரம் அதுவாக இருக்கும். காரணம் தெரியாத அமைதி வந்தால் கூடுதல் கவனம் தேவை.

இன்னொரு வகை வீடும் உண்டு. அங்கே அடி இல்லை, சந்தேகம் இல்லை. கடனிலோ, நோயிலோ, ஓய்வே இல்லாத பராமரிப்பிலோ மூழ்கிப்போன ஒருவர், தான் இல்லாவிட்டால் தன்னைச் சார்ந்தவர்கள் துன்பப்படுவார்கள் என்று நினைத்து அவர்களையும் சேர்த்து முடிவெடுக்கிறார். 2022 ஜனவரியில் அப்பர் புக்கிட் தீமா பகுதியில் சிறப்புத் தேவையுடைய இரட்டைச் சிறுவர்கள் தந்தையின் கையால் இறந்ததை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அவருக்குக் கடும் மனச்சோர்வு நோய் இருந்தது. தானும் இறக்க எண்ணியிருந்தார். 2023ல் அவருக்கு 14 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இப்படிப்பட்டவரை மிரட்டுபவராக நடத்தினால் பயன் இல்லை. அவரை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவர் தோளில் இருக்கும் பாரத்தைப் பிறர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீடு எந்த வகை என்று தெரியவில்லையா? மூன்றாம் படியில் சொல்லும் எண்ணை அழைத்து, வீட்டு நிலையை விவரியுங்கள். எடைபோட அவர்கள் உதவுவார்கள்.

2. வேதனையில் இருப்பவரிடம் நேராகக் கேளுங்கள்

இந்தப் படி இரண்டாவது வகை வீட்டுக்கு மட்டும். உங்களை அடிப்பவரிடம் தனியாக உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டாம்.

சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நம் வீடுகளில் அஞ்சுவார்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை; பலருக்குப் பேச ஒரு வாசல் திறக்கிறது. “செத்துப்போகலாம் என்று நினைக்கிறீர்களா? பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று சுற்றிவளைக்காமல் கேளுங்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்க நாக்கு எழாது. ஆனாலும் கேளுங்கள். ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அன்று இரவு அவரைப் பிள்ளைகளோடு தனியாக விடாதீர்கள். பிள்ளைகளை வேறொரு வீட்டில் தங்க வையுங்கள். அவரோடு ஒருவர் இருங்கள்.

அழைக்க வேண்டிய எண்கள்:

- 1767: சமாரிட்டன்ஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, 24 மணி நேரமும். பேச விருப்பம் இல்லையென்றால் 9151 1767 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்.
- 1771: தேசிய மனநல உதவி எண்.
- 6389 2222: மனநலக் கழகத்தின் (ஐஎம்எச் மருத்துவமனை) உதவி எண், 24 மணி நேரமும்.

புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவும் இரவு பகலாக இயங்குகிறது, முன்பதிவு தேவையில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவராக ஒருவர் இருந்தால், அவர் விரும்பாவிட்டாலும் மருத்துவர் அவரை 72 மணி நேரம் வரை உள்நோயாளியாக வைத்துக் கவனிக்கச் சட்டம் இடம் தருகிறது. தேவைப்பட்டால் அது நீட்டிக்கப்படும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணக் கழிவு உண்டு. மற்ற அனுமதி அட்டைகளில் இருப்பவர்கள் முழுக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். பணம் இல்லையே என்று வாசலில் தயங்கி நிற்காமல் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தவணை, உதவி பற்றிப் பேசுவது அவர் வேலை.

இங்கே பலரைத் தடுக்கும் ஓர் அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். தற்கொலைக்கு முயன்றால் வழக்குப் போட்டு உள்ளே தள்ளிவிடுவார்கள், வேலை அனுமதி போய்விடும் என்று நினைத்துப் பலர் வாய் திறப்பதில்லை. சிங்கப்பூரில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309 நீக்கப்பட்டுவிட்டது. 2020 ஜனவரி 1 முதல் அது குற்றம் இல்லை. ஆகவே, உதவி கேட்டு அழைத்தால் அவரைச் சிறைக்கு அனுப்பியதாக ஆகிவிடுமோ என்று கலங்காதீர்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் வருகிறது என்றால், முதலில் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டிலோ நண்பர் வீட்டிலோ விடுங்கள். பிறகு வீட்டைவிட்டு வெளியே, ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வந்து 1767ஐ அழையுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், “என் குடும்பத்தையும் சேர்த்து முடித்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, பயமாக இருக்கிறது” என்று சொன்னால் போதும். கடன் தீரும் வழிகள் உண்டு. கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அமைப்பு வங்கிக் கடனை ஒழுங்குபடுத்த உதவுகிறது. சூதாட்டப் பழக்கத்துக்கு 1800 6 668 668. நிதி நெருக்கடியில் உள்ள உள்ளூர்க் குடும்பங்களுக்கு காம்கேர், 1800 222 0000. இந்த வாரம் தாங்க முடியாததாகத் தெரிவது சிகிச்சைக்குப் பிறகு வேறு மாதிரி தெரியும். அப்படி மீண்டு வந்தவர்கள் ஏராளம்.

3. மிரட்டுபவர் என்றால் இந்த எண்

1800 777 0000. குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் இது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆங்கிலம் தடுமாறினால் முதல் வாக்கியமாக, தமிழ் பேசுபவர் வேண்டும் என்று கேளுங்கள்.

என்ன சொல்வது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கல்யாணத்திலிருந்து கதையைத் தொடங்கினால் முக்கியமானது அரை மணி நேரம் கழித்து வரும். இப்படித் தொடங்குங்கள்: “என் கணவர் என்னையும் குழந்தையையும் கொன்றுவிட்டுத் தானும் இறந்துவிடுவேன் என்கிறார். கடைசியாகச் சொன்னது நேற்று இரவு. இதற்கு முன் கழுத்தைப் பிடித்திருக்கிறார். நான் பிரிந்துபோக நினைப்பது அவருக்குத் தெரியும்.” இந்த நான்கு வாக்கியங்களைக் கேட்டதும் எதிர்முனையில் இருப்பவருக்கு அவசரம் புரிந்துவிடும்.

2025 ஏப்ரல் முதல், கடுமையான குடும்ப வன்முறை அழைப்புகளுக்குக் காவல்துறையோடு சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் அவசரக் குழுவும் எந்நேரமும் நேரில் வருகிறது. தேவைப்பட்டால் அந்த அதிகாரிகளே அந்த இடத்தில் 14 நாள் வரை செல்லும் அவசர ஆணை பிறப்பிக்க முடியும்.

அழைத்த பிறகு தொலைபேசியிலிருந்து அந்த எண்ணை அழித்துவிடுங்கள். இயன்றால் தோழியின் தொலைபேசியிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ அழையுங்கள்.

4. ஆவணக் கோப்பு ஒன்றைச் சேர்த்துவையுங்கள், அதை வீட்டில் வைக்காதீர்கள்

நாங்கள் மிகவும் திண்டாடியது இதில்தான். பாஸ்போர்ட் அவர் பூட்டி வைத்திருந்த இழுப்பறையில், திருமணச் சான்றிதழ் ஊரில், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எங்கேயோ. ஒவ்வொன்றாகப் படம் எடுத்தோம். கிடைத்த மூலங்களை எல்லாம் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, அவள் வேலை செய்த கடையின் அலமாரியில் வைத்தோம்.

கோப்பில் இருக்க வேண்டியவை:

- உங்கள் அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், அனுமதி அட்டை, குழந்தைகளுடையவையும்.
- திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்.
- கணவரின் முழுப்பெயர், அடையாள எண், வீட்டு முகவரி, வேலையிட முகவரி. ஆறாம் படியில் சொல்லும் நீதிமன்றப் பாதுகாப்பு ஆணையை அவர் கையில் சேர்க்க இவை தேவை. பலரிடம் வேலையிட முகவரி இருப்பதில்லை.
- மிரட்டல் வந்த செய்திகளின் படங்கள். அனுப்பியவர் எண்ணும் தேதியும் தெரியும்படி எடுங்கள்.
- காயங்களின் படங்கள், உடைந்த பொருள்களின் படங்கள்.
- காவல்துறைப் புகார்களின் எண்கள்.
- ஒரு நாட்குறிப்பு: தேதி, நேரம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, யார் பார்த்தார்கள்.

செலவும் நேரமும் பற்றிச் சில குறிப்புகள். காவல்துறையில் புகார் செய்யக் கட்டணம் இல்லை. அக்கம்பக்கக் காவல் நிலையத்திலோ இணையத்திலோ செய்யலாம். காயம் பட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நூறு வெள்ளிக்கு மேல் ஆகும். சிறு காயத்துக்குப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போதும், செலவும் குறைவு. கழுத்து நெரிக்கப்பட்டிருந்தால் வெளியே தடயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்கே போங்கள். உள்காயம் மணிக்கணக்கில் தாமதித்தும் வெளிப்படும். காயம் எப்படி வந்தது என்று மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். ‘குளியலறையில் வழுக்கிவிட்டேன்’ என்று சொன்னால் அதுதான் பதிவாகும், பிற்பாடு மாற்றுவது கடினம். முழு மருத்துவ அறிக்கையைத் தனியாக விண்ணப்பித்து, தனிக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். அதுவரை காத்திருக்காதீர்கள். அறிக்கை இல்லாமலே பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம்.

தமிழில் உள்ள செய்திகளுக்கும் குரல் பதிவுகளுக்கும் நீதிமன்றத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். யார் செய்த மொழிபெயர்ப்பு செல்லும் என்று நீதிமன்ற அலுவலரிடம் கேட்டுக்கொண்ட பிறகே பணம் கொடுங்கள்.

இனி தொலைபேசி. அரசாங்க இணையச் சேவைகளுக்கான உங்கள் மின்னடையாளமான சிங்பாஸ் அவர் தொலைபேசியில் பதிவாகியிருக்கிறதா? புதிதாக வந்த மனைவிக்குக் கணவரே எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்திருப்பார். கடவுச்சொல்லை மாற்றி, உங்கள் தொலைபேசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களைப் பாருங்கள். இருப்பிடப் பகிர்வைப் பாருங்கள். ஆனால் இவற்றை வீட்டில் இருக்கும்போது மாற்றினால் அவருக்குத் தெரிந்து சந்தேகம் கிளம்பும். ஆகவே ஆதாரப் படங்களை அவர் அறியாத ஒரு புதிய மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, மற்ற மாற்றங்களை வெளியேறும் நாளில் செய்யுங்கள்.

5. வெளியேறும் நாளைத் திட்டமிடுங்கள்

ஆபத்து உச்சத்தில் இருப்பது பிரியும் நேரத்திலும் அதற்கடுத்த வாரங்களிலும்தான். ஆகையால் ‘இனி உங்களோடு வாழ மாட்டேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பெட்டி கட்டாதீர்கள். சொல்லத்தான் வேண்டும் என்றால் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு, வேறொருவர் மூலம் சொல்லுங்கள்.

நம்மவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. பெரியவர்கள் நான்கு பேரைக் கூட்டிவைத்து, இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசி முடிப்பது. சாதாரண மனத்தாங்கலுக்கு அது சரி. கொலை மிரட்டல் இருக்கும் வீட்டில் அந்தக் கூட்டம் அவளை மீண்டும் அந்தக் கதவுக்குள் தள்ளுவதில்தான் முடியும். ‘அவர் அழுது மன்னிப்புக் கேட்டாரே’ என்று பெரியவர்கள் மனம் இளகும். அன்று இரவு அந்த வீட்டில் இருக்கப்போவது அவர்கள் இல்லை. எங்கள் வீட்டிலும் பெரியப்பா கூட்டத்துக்கு நாள் குறித்தார். “பேசுவது என்றால் நீங்கள் தனியாக அவரிடம் பேசுங்கள், அவள் வரமாட்டாள்” என்று நான் சொன்னதில் அவருக்கு என்மேல் வருத்தம் உண்டு. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அதே போல, ‘கடைசியாக ஒரே ஒரு முறை பார்த்துப் பேச வேண்டும்’, ‘மீதிச் சாமானை வந்து எடுத்துக்கொண்டு போ’ என்ற அழைப்புகளுக்குத் தனியாகப் போகவே கூடாது. குழந்தையை அனுப்பவும் கூடாது.

தங்க இடம் இல்லையென்றால் நெருக்கடிக்காலக் காப்பகங்கள் இருக்கின்றன. ஸ்டார் ஷெல்டர், காசா ரவுதா போன்றவை பெண்களையும் குழந்தைகளையும் ஏற்கின்றன. முகவரியை வெளியே சொல்ல மாட்டார்கள். உதவி எண், காவல்துறை, குடும்பச் சேவை நிலையம், மருத்துவமனைச் சமூக ஊழியர் ஆகியோர் வழியாகச் சேரலாம். தோழி வீட்டைவிடக் காப்பகம் மேல் என்பது என் எண்ணம். தோழி வீடு அவருக்குத் தெரிந்திருக்கும்.

வெளியேறும் வரை: பக்கத்து வீட்டாரில் நம்பகமான ஒருவரிடம் ஒரு சொல்லைச் சொல்லிவையுங்கள். அந்தச் சொல் செய்தியாக வந்தால் அவர் 999ஐ அழைக்க வேண்டும். சண்டை எழும்போது சமையலறைக்குள்ளும் பூட்டக்கூடிய அறைக்குள்ளும் போகாமல் வாசல் பக்கம் நகருங்கள். வாசல் சாவியும் கிரில் சாவியும் எப்போதும் உங்கள் உடம்பில் இருக்கட்டும். பள்ளி ஆசிரியரிடமும் பாலர் பள்ளித் தலைவரிடமும், குழந்தையை யார் அழைத்துப் போகலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

6. தனிநபர் பாதுகாப்பு ஆணை

மாதர் சாசனம் என்ற சட்டத்தின் கீழ் குடும்ப நீதிமன்றம் தரும் ஆணை இது. விண்ணப்பக் கட்டணம் 1 வெள்ளி. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. விவாகரத்துக் கேட்கத் தேவையில்லை; திருமணமாகி 3 ஆண்டு ஆகவேண்டும் என்ற விவாகரத்து விதிக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. குடியுரிமை நிபந்தனையும் இல்லை. முஸ்லிம்களும் இதற்கு ஷரியா நீதிமன்றத்துக்குப் போக வேண்டாம், இதே நீதிமன்றம்தான். 2025 ஜனவரி 2 முதல் 18 வயது நிரம்பியவர் தானே விண்ணப்பிக்கலாம், முன்பு 21. அதே நாள் முதல், அச்சுறுத்திக் கட்டுப்படுத்துவது போன்ற மனரீதியான கொடுமையும் குடும்ப வன்முறை என்று சட்டத்தில் தெளிவாக வந்துவிட்டது. அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விண்ணப்பிக்கும் இடங்கள்: சிங்பாஸ் இருந்தால் ஐஃபேம்ஸ் என்ற நீதிமன்ற இணையத்தளம், சைனாடவுன் எம்ஆர்டி பக்கம் ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள குடும்ப நீதிமன்றம், அல்லது பாதுகாப்புச் சிறப்பு நிலையங்கள். அங் மோ கியோவில் பேவ், பிடோக்கில் டிரான்ஸ் சேஃப் சென்டர் ஆகியவை அப்படிப்பட்டவை. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது சிறப்பு நிலையம். படிவத்தை உடன் உட்கார்ந்து நிரப்ப உதவுவார்கள், பாதுகாப்புத் திட்டமும் போட்டுத் தருவார்கள்.

படிவத்தில் அண்மைச் சம்பவத்தை விவரிக்கும் பகுதிதான் உயிர்நாடி. ‘அவர் எப்போதும் கொடுமைப்படுத்துவார்’ என்று எழுதினால் நீதிபதிக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. தேதி, நேரம், இடம், அவர் செய்தது, அவர் சொன்ன சொற்கள், குழந்தை எங்கே இருந்தது என்று எழுதுங்கள். கொலை மிரட்டலையும் தற்கொலை மிரட்டலையும் அவர் வாயில் வந்தபடியே எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேருங்கள். முந்தைய சம்பவங்களைத் தனியாக, தேதி வரிசையில்.

உடனடி ஆபத்து இருப்பதாக நீதிபதி கருதினால், விசாரணைக்கு முன்பே எக்ஸ்பிடைட்டட் ஆர்டர் எனப்படும் விரைவு ஆணை தருவார். அதைக் கேட்டு வாங்க வேண்டும்; அப்போதே வலியுறுத்திச் சொல்லுங்கள். அது 28 நாள் செல்லும், நீதிமன்றம் நீட்டிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அது அவர் கையில் சேர்க்கப்பட்ட பிறகுதான் செயலுக்கு வரும். ஆணை வந்துவிட்டது என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்கும் இரவில் அவருக்கு அது கிடைத்திருக்காமல் போகலாம். சேர்த்தாகிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அது கிடைக்கும் நாளில் அவர் கோபம் கொதிக்கும் என்பதால், அன்று நீங்கள் அந்த வீட்டில் இருக்கக்கூடாது.

பிறகு இருவரையும் நீதிமன்றம் அழைக்கும். அவர் ஒப்புக்கொண்டால் அன்றே ஆணை கிடைக்கலாம். மறுத்தால் விசாரணை, அது மாதக்கணக்கில் போகலாம். வரும்போதும் போகும்போதும் அவரைச் சந்திக்க அச்சமாக இருக்கிறது என்று முன்கூட்டியே அலுவலரிடம் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் விண்ணப்பிக்கும்போதே தெரிவியுங்கள்.

ஆணையோடு சேர்த்துக் கேட்கக்கூடியவை: வீடு அவர் பெயரில் இருந்தாலும் அவர் உள்ளே வரத் தடை, குறிப்பிட்ட இடங்களுக்கு அருகே வரத் தடை, எந்த வகையிலும் தொடர்புகொள்ளத் தடை, கட்டாய ஆலோசனை. கேட்காவிட்டால் கிடைக்காமலே போகலாம். குழந்தையின் பள்ளியையும் இடப்பட்டியலில் சேருங்கள்.

திருமணம் ஆகாத காதலர், முன்னாள் காதலர் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. அதற்குத் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வேறு ஆணை உண்டு. உதவி எண்ணில் வழி சொல்வார்கள்.

7. அனுமதி அட்டை, பணம்

கணவரின் வேலையைச் சார்ந்த அனுமதியில் இருக்கும் பெண்களிடம், “ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவேன்” என்பதுதான் பெரிய ஆயுதம். அந்த அச்சத்தில் ஆண்டுக்கணக்கில் பொறுத்துப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அனுமதி எந்த வகை, எப்போது முடிகிறது என்று முதலில் பாருங்கள். சார்ந்திருப்போர் அனுமதி என்றால் மனிதவள அமைச்சு. நீண்டகால வருகை அனுமதி என்றால் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம். முடியும் நாளுக்கு வெகு முன்பே சமூக ஊழியர் ஒருவரின் கடிதத்தோடு, பாதுகாப்பு ஆணை விண்ணப்பத்தின் நகலோடு அவர்களிடம் நிலைமையைத் தெரிவியுங்கள். முடிவு ஆளுக்கு ஆள் மாறும். அனுமதி தீர்ந்த பிறகு போவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

சட்ட உதவிக் கழகம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். வருமான வரம்பு உண்டு. மற்றவர்கள் புரோ போனோ எஸ்ஜி என்ற சட்ட உதவி அமைப்பிடம் இலவச ஆலோசனை கிடைக்குமா என்று கேட்கலாம். தமிழில் மனம்விட்டுப் பேச சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமும் உண்டு. பணத்தைப் பொறுத்தவரை, உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு. அதில் சில வாரச் செலவுக்காவது பணம். கூட்டுக் கணக்கில் ஒரே நாளில் பெரிய தொகை எடுத்தால் அவருக்கு உடனே செய்தி போய்விடும்.

8. பக்கத்தில் இருப்பவர்களுக்கு

சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் சத்தம் உங்களுக்கும் உரியதுதான். 1800 777 0000 என்ற எண்ணை அண்டை வீட்டாரும் அழைக்கலாம். வீட்டுப் பணிப்பெண்கள் நிறையப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு மனிதவள அமைச்சின் 1800 339 5505 இருக்கிறது. மிரட்டலுக்கு ஆளான பெண்ணிடம், அவள் தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள். செய்தியாக எழுதிக் கேட்காதீர்கள், கணவர் படிப்பார். ‘நீ ஏன் இன்னும் அங்கே இருக்கிறாய்’ என்று கேட்பதைவிட, ‘உன் காகிதங்களை நான் வைத்திருக்கட்டுமா’ என்று கேட்பது நூறு மடங்கு உதவி. அவருக்குப் புத்தி சொல்ல நீங்களே போய்விடாதீர்கள்; அதன் விளைவு அன்று இரவு அவள்மேல் விழும்.

9. ஆணை கையில் கிடைத்த பிறகு

நகல்கள் எடுங்கள். ஒன்று பையில், ஒன்று பள்ளியில், ஒன்று வேலையிடத்தில், படம் ஒன்று தொலைபேசியில். ஆணையை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அவர் கீழ்த்தளத்தில் வந்து நின்றாலும், தடை இருக்கும்போது குழந்தைக்குப் பரிசு அனுப்பினாலும், ஒவ்வொரு முறையும் காவல்துறையிடம் சொல்லுங்கள். அழைக்கும்போது முதலிலேயே ‘என்னிடம் பாதுகாப்பு ஆணை இருக்கிறது’ என்று சொல்லுங்கள். இரக்கப்பட்டு நீங்களே உள்ளே விட்டாலும் ஆணை ரத்தாகிவிடாது; ஆனால் பிற்பாடு நீதிமன்றத்தில் அதைப் பற்றிக் கேள்வி வரும், அந்த நேரத்தில் உங்கள் உயிரும் மீண்டும் அவர் கையெட்டும் தூரத்தில் இருக்கும். முகவரி மாறினாலோ, குழந்தை பள்ளி மாறினாலோ, தடை செய்யப்பட்ட இடங்களின் பட்டியலைத் திருத்த நீதிமன்றத்தில் மனு கொடுங்கள். பழைய பள்ளியின் பெயர் இருக்கும் ஆணை புதிய பள்ளி வாசலில் உதவாது.